சீன வங்கியியல் படிக்க லண்டனா, பீஜிங்கா?

கேள்வி: எனக்கு வயது 27. வணிகமாணிப் பட்டம் முடித்து, கொழும்பில் ஒரு தனியார் வங்கியின் கடன் பிரிவில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கு போனாலும் சீனக் கடன் பற்றித்தான் பேச்சு. அதைச் சரியாக விளக்கக்கூடியவர் எங்கள் வங்கியில் ஒருவரும் இல்லை. சீன வங்கியியலையும் நிதியியலையும் முதுமாணி மட்டத்தில் படிக்க ஆசை. லண்டனில் ஒரு வருடப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. செலவுக்கு வீட்டு உறுதியை அடகு வைக்க அம்மா சம்மதித்துவிட்டார். சீன அரசின் புலமைப்பரிசிலும் இருக்கிறது என்கிறார்கள், ஆனால் எனக்குச் சீன மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. இந்தப் படிப்பால் வேலை கிடைக்குமா? எங்கே படிப்பது நல்லது, அண்ணா? (கொழும்பிலிருந்து ஒரு வாசகி)

அன்புத் தங்கைக்கு,

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும். ரூபாயில் சம்பளம் வாங்கும் ஒருவர், பவுணில் செலவு செய்யப் போகிறேன், வேலை எப்போது கிடைக்கும் என்று தெரியாது, பிணையாக அம்மாவின் வீட்டைத் தருகிறேன் என்று உங்கள் மேசைக்கு வந்தால் கோப்பில் என்ன குறிப்பு எழுதுவீர்கள்? அதே குறிப்பை உங்களுக்கும் எழுதுங்கள். இந்தத் துறைக்குள் வர வேறு வழி இருக்கிறது. ஒரு வருடம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நான் ஹொங்கொங்கில் பதினாறு வருடமாகக் கடன் பகுப்பாய்வு செய்கிறேன். சீன வங்கிகளின் ஐந்தொகையை வாசிப்பதுதான் என் அன்றாட வேலை. நம் நாட்டுக்கு இந்த அறிவு எவ்வளவு தேவை என்பதை 2022இல் தூர இருந்து பார்த்து வேதனைப்பட்டவன் நான். அதனால் உங்கள் கடிதம் எனக்கு உண்மையிலேயே சந்தோஷத்தைத் தந்தது.

உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். அம்பாந்தோட்டைத் துறைமுகம் என்றதும், கடனைக் கட்ட முடியாததால் சீனா பிடித்துக்கொண்டது என்று சொல்வார்கள். கணக்கைப் பார்த்தால் நடந்தது வேறு. முதற்கட்டத்துக்கு 2007இல் 307 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி, சுருக்கமாக எக்சிம் வங்கி. வட்டி 6.3 வீதம். 2017இல் துறைமுகத்தை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது சைனா மேர்ச்சண்ட்ஸ் போர்ட் என்ற கம்பெனி. அது கொடுத்த 1.12 பில்லியன் டொலர் நம் வெளிநாட்டு ஒதுக்கைப் பலப்படுத்தப் போனது. எக்சிம் வங்கியின் கடன் அப்படியே நின்றது, திறைசேரி அதைத் தொடர்ந்து கட்டியது. கடன் தந்தது ஒரு வங்கி, குத்தகை எடுத்தது ஒரு கம்பெனி. இரண்டுக்கும் மேலே சீன அரசு இருந்தாலும் இரண்டின் கணக்குகளும் வேறு, முடிவெடுக்கும் ஆட்களும் வேறு.

அடுத்தது கடன் மறுசீரமைப்பு. எக்சிம் வங்கிக்கு நாம் கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 4.2 பில்லியன் டொலர். அதை அரசுக்கு அரசு கொடுத்த கடனாகக் கணக்கெடுத்தார்கள். ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் தலைமை தாங்கிய குழுவில் எக்சிம் சேரவில்லை, தனியாகவே பேசி 2024 ஜூனில் கையெழுத்திட்டது. சீன அபிவிருத்தி வங்கிக்கும் 3 பில்லியன் டொலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. அதுவும் முழுக்க அரச வங்கிதான். ஆனால் அதை வணிகக் கடன்காரர் பக்கத்தில் சேர்த்தார்கள். இரண்டு வங்கிகளுமே 1994இல் ஒரே சீர்திருத்தத்தில் கொள்கை வங்கிகளாக, அதாவது அரசின் கொள்கைக்காகக் கடன் கொடுக்கும் வங்கிகளாக, பிறந்தவை. அப்படியிருக்க ஒன்று அரசாகவும் மற்றது வணிகமாகவும் எப்படி ஆனது? 2008இல் அபிவிருத்தி வங்கி பங்கு முதல் கொண்ட கம்பெனியாக மாற்றப்பட்டது, சந்தை வட்டியில் கடன் கொடுத்து வந்தது, 2018இல் நமக்குக் கொடுத்த 1 பில்லியன் டொலரும் அந்த வகைதான். மேசையில் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பதைத் தீர்மானித்தது இந்த வரலாறுதான். இது தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

இரண்டு மத்திய வங்கிகள் தங்கள் நாணயத்தைத் தற்காலிகமாக மாற்றிக்கொள்ளும் நாணய மாற்று ஒப்பந்தமும் இப்படித்தான். 2021 மார்ச்சில் சீனாவின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கியுடன் 10 பில்லியன் யுவானுக்கு இலங்கை மத்திய வங்கி ஒப்பந்தம் செய்தது, கிட்டத்தட்ட 1.5 பில்லியன் டொலர். மொத்த ஒதுக்குக் கணக்கில் அந்தத் தொகை தெரிந்தது. ஆனால் மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான ஒதுக்கு நம்மிடம் இருந்தால்தான் அதை எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது நிபந்தனை. பெற்றோலுக்கும் காஸுக்கும் சனங்கள் வரிசையில் நின்றபோது அந்தப் பணம் தாளில் மட்டும் இருந்தது. நிபந்தனையை வாசிக்காமல் தலைப்பை மட்டும் வாசித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வலிக்கும் உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, சீனாவுக்குள்ளேயே வருவோம். இந்தத் துறையில் எதைத் தொட்டாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி: கடன் வாங்கியவருக்குப் பின்னால் உண்மையில் யார் நிற்கிறார்கள்? சீன நிதித்துறையில் 'காங்ஷிங் துய்ஃபு' என்று ஒரு சொற்றொடர் உண்டு. முதலீடு நட்டப்பட்டாலும் போட்ட பணம் எப்படியும் திரும்பி வரும், யாரோ கட்டுவார்கள் என்ற நம்பிக்கை அது. எழுத்தில் எங்கும் இருக்காது. எல்லோருடைய மனதிலும் இருக்கும். சனங்கள் மத்திய வங்கியைச் செல்லமாக 'யாங்மா' என்பார்கள், மத்திய வங்கி அம்மா என்று அர்த்தம். அம்மா கைவிட மாட்டாள் என்ற எண்ணத்தின் மேல்தான் பல காலம் இந்தக் கட்டடம் நின்றது.

அந்த எண்ணம் சும்மா வரவில்லை. 1990களின் கடைசியில் நான்கு பெரிய வங்கிகளும் அறவிடாக் கடனில் மூழ்கிக் கிடந்தன. 1998இல் அரசு 270 பில்லியன் யுவான் முதல் போட்டது. மறுவருடம் நான்கு சொத்து முகாமைத்துவக் கம்பெனிகளை உண்டாக்கி, 1.4 ட்ரில்லியன் யுவான் கெட்ட கடனை முகப்பெறுமதிக்கே அவற்றின் தலையில் ஏற்றியது. 2003 டிசம்பரில் வெளிநாட்டு ஒதுக்கிலிருந்தே 45 பில்லியன் டொலரை எடுத்து, பேங்க் ஒஃப் சைனாவுக்கும் சீன நிர்மாண வங்கிக்கும் பாதி பாதியாகக் கொடுத்தது. மூன்று வருடம் கழித்து, அந்த நான்கில் இன்னொன்றான ஐசிபிசி பங்குச் சந்தைக்கு வந்தபோது அதுவே அதுவரை உலகம் கண்ட மிகப்பெரிய பங்கு வெளியீடு. இவ்வளவையும் பார்த்த ஒரு வைப்பாளர், அரசு கைவிடாது என்று நம்பினால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

பிறகு அந்த நம்பிக்கையை அரசே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தத் தொடங்கியது. 2015இல் வைப்புக் காப்புறுதி வந்தது, ஆளுக்கு 5 லட்சம் யுவான் வரை. 2018இல் முதலீட்டுத் திட்டங்களுக்கு உத்தரவாத வருமானம் காட்டக் கூடாது என்று விதி வந்தது. 2019 மே மாதம் உள்மங்கோலியாவின் பாவ்ஷாங் வங்கியை அரசு கையேற்றது. தனி மனிதர்களின் வைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 50 மில்லியன் யுவானுக்கு மேல் வைத்திருந்த நிறுவனங்களில் சில நட்டப்பட்டன. நாங்கள் அந்த வாரம் ஒழுங்காகத் தூங்கவில்லை. சிறிய வங்கிகளுக்கு மற்ற வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின, வட்டி ஏறியது. அதுவரை ஒரே விலையில் பார்த்த வங்கிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடைபோட வேண்டி வந்தது. உங்கள் முதுமாணிப் பாடத்திட்டத்தில் பாவ்ஷாங் பற்றி ஒரு வகுப்பாவது இல்லையென்றால், அந்தப் பாடத்திட்டம் பழையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மொழி. நான் முதுமாணி படித்தது முழுக்க ஆங்கிலத்தில். நல்ல பெறுபேறு. அதை நம்பி வேலைக்கு வந்தேன். முதல் வருடம் ஓர் உள்ளூர் அரசு நிதிக் கம்பெனியின் கடன் கோப்பு கைக்கு வந்தது. சீனாவில் இவற்றை 'செங்தோவ்' என்பார்கள். 1994 வரிச் சீர்திருத்தத்தில் வருமானத்தின் பெரிய பங்கு மத்திக்குப் போய்விட்டது, செலவு உள்ளூர் அரசுகளிடமே தங்கியது. அவை நேரடியாகக் கடன் வாங்கவும் அப்போது தடை இருந்தது. அதனால் கம்பெனி அமைத்து அதன் பெயரில் வாங்கின. 2008 நவம்பரில் அறிவித்த 4 ட்ரில்லியன் யுவான் ஊக்கத் திட்டத்துக்குப் பிறகு இந்தக் கம்பெனிகள் காளான் போல முளைத்தன. நான் பார்த்த கோப்பில் உள்ளூர் அரசின் கடிதம் ஒன்று இருந்தது. அதன் ஆங்கிலச் சுருக்கத்தில் 'அரச ஆதரவு' என்று போட்டிருந்தார்கள். நான் அதைப் பிணை என்றே எடுத்துக்கொண்டு அறிக்கை எழுதினேன். மூலத்தில் இருந்தது 'அன்வெய்ஹான்', வெறும் ஆறுதல் கடிதம். பிணைக்கு 'தான்பாவ்' என்று வேறு சொல் இருக்கிறது, சட்டத்தில் அதற்குத்தான் வலு. சீன மொழி வாசிக்கத் தெரிந்த ஒரு சக ஊழியை அதைக் கண்டுபிடித்தபோது அறிக்கை ஏற்கெனவே மேலிடத்துக்குப் போய்விட்டது. திரும்ப எடுத்தோம். 2017 அளவில் சில உள்ளூர் அரசுகள் தாங்கள் கொடுத்திருந்த இப்படியான கடிதங்கள் செல்லாது என்று தாங்களே அறிவித்தபோது, அந்த நாள்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதன் பிறகு ஐந்து வருடம் மாலை வகுப்புக்குப் போய் மொழி படித்தேன். நீங்கள் என்னைப் போல் பின்னுக்கு முன்னாகச் செய்ய வேண்டாம்.

எவ்வளவு மொழி போதும்? பேச்சு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, வாசிப்பு வேண்டும். எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் நீண்ட காலம் இருந்துவந்த முறைப்படி நான்காம் நிலைக்கு 1200 சொல், ஐந்தாம் நிலைக்கு 2500 சொல். ஐந்தாம் நிலையை எட்டினால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வங்கியின் ஆண்டறிக்கையைக் கடந்துவிடலாம். நிதி எழுத்தில் திரும்பத் திரும்ப வருவது சில நூறு சொற்கள்தான், நீங்கள் நினைப்பதைவிட இது சுலபம். களனிப் பல்கலைக்கழகத்திலும் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் கன்பூசியஸ் நிறுவகம் இருக்கிறது. வேலையை விடாமல் இந்த வருடமே அங்கே விசாரித்துப் பதிந்துவிடுங்கள்.

இனி இடம். லண்டன் படிப்பு மோசம் என்று சொல்ல மாட்டேன். சீனா பற்றி விமரிசனமாக யோசிக்க, கட்டுப்பாடில்லாமல் நூலகத்தைப் பயன்படுத்த, நல்ல ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுத அது அருமையான இடம். ஆனால் ஒரு வருடம் என்பது உண்மையில் ஒன்பது மாத வகுப்பும் ஒரு கோடைகால ஆய்வேடும்தான். மொழி இல்லாமல் போனால், மற்றவர்கள் மொழிபெயர்த்துத் தந்ததை வைத்துத்தான் எழுதுவீர்கள். அதற்கு அம்மாவின் வீடு ரொம்ப அதிகமான விலை. மொழியும் கட்டணச் சலுகையும் கையில் இருந்தால் பிறகு யோசிக்கலாம்.

என் தெரிவு, புலமைப்பரிசிலோடு சீனாதான். சீன அரசின் புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணம் இல்லை, தங்குமிடம் உண்டு, முதுமாணி மாணவருக்கு மாதம் 3000 யுவான் கைச்செலவுக்கும் தருகிறார்கள். வயது 35க்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. இரண்டு வாசல்களால் போகலாம்: ஒன்று நம் நாட்டுக்கான ஒதுக்கீடு, மற்றது பல்கலைக்கழகம் நேராகத் தரும் இடங்கள். இரண்டையும் பாருங்கள். சீன மொழியில் படிக்கிறவர்களுக்கு, படிப்பு தொடங்க முன் ஒரு வருட மொழிப் பயிற்சிக்கும் உதவி உண்டு. வகுப்புகள் செப்டம்பரில் தொடங்கும், விண்ணப்பம் வருட ஆரம்பத்திலேயே கேட்பார்கள். சிபாரிசுக் கடிதம், சான்றிதழ்ப் பிரதி எல்லாவற்றையும் டிசம்பருக்குள் தயார் செய்துவிடுங்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்றால், பெயரைவிட முக்கியமான ஒன்றை முதலில் கேளுங்கள்: வகுப்பில் என்னோடு யார் உட்காருவார்கள்? பல இடங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஆங்கிலத்தில் தனி வகுப்பு, தனி விடுதி. இரண்டு வருடம் சீனாவில் இருந்துவிட்டு ஒரு சீன நண்பர்கூட இல்லாமல் திரும்பியவர்களை நான் நேர்முகத் தேர்வில் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் பிழை இல்லை, அமைப்பு அப்படி. ஷென்ஷெனில் இருக்கும் பீஜிங் பல்கலைக்கழகத்தின் எச்எஸ்பிசி வணிகப் பள்ளியில் சீன மாணவர்களுக்கும் பாடம் ஆங்கிலத்தில்தான், ஆகவே கலந்து உட்காரலாம். மத்திய வங்கி எப்படி யோசிக்கிறது என்று அறிய ஆசையென்றால் சிங்ஹுவாவின் மக்கள் வங்கி நிதிப் பள்ளி. அது 1981இல் மக்கள் வங்கியே நடத்திய பட்டப்பின் படிப்புக் கூடமாகத் தொடங்கி, 2012இல் சிங்ஹுவாவோடு சேர்ந்தது. வூதாவ்கோவ் என்று அந்தப் பகுதியின் பெயரைச் சொன்னாலே துறையில் எல்லோருக்கும் தெரியும். சேருவது கடினம். எனக்குக் கேட்டால் செங்துவிலுள்ள தென்மேற்கு நிதிப் பொருளாதாரப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பியுங்கள் என்பேன். நிதித் துறையில் அதற்கு நல்ல பெயர், வாழ்க்கைச் செலவு பீஜிங்கைவிடக் குறைவு, ஆங்கிலத்தில் ஒதுங்கிக்கொள்ள இடம் குறைவு என்பதால் மொழி தானாக வரும்.

சீன வகுப்பறையில் சில விஷயங்களை எல்லோர் முன்னாலும் கேட்க முடியாது, அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2022இல் ஹெனான் மாகாணத்துச் சிறிய கிராமிய வங்கிகளில் சனங்களின் வைப்பு முடங்கியது. ஜெங்ஜோவில் அவர்கள் வீதிக்கு வந்தார்கள். இதைப் பற்றி ஆய்வேடு எழுதப் போனால் விரிவுரையாளர் மெதுவாக வேறு தலைப்பைக் காட்டுவார். ஆனால் வகுப்புக்கு வெளியே, சாப்பாட்டு மேசையில், அதே ஆள் ஒரு மணித்தியாலம் பேசுவார். தரவும் தாராளமாகக் கிடைக்கும். அங்கே எல்லோரும் பாவிப்பது விண்ட் டெர்மினல் என்ற நிதித் தரவுத்தளம். பல பல்கலைக்கழக நூலகங்களில் அது மாணவர்களுக்குத் திறந்திருக்கும். விண்ணப்பிக்க முன் இதையும் கேட்டுவையுங்கள்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். சான்றிதழில் 'சீன' என்ற சொல் இருப்பதற்காக யாரும் வேலை தர மாட்டார்கள். கடன் பகுப்பாய்வு தெரிந்து, சீன ஆவணமும் வாசிக்கத் தெரிந்தவர் குறைவு, அதுதான் உங்கள் பலம். உங்கள் நான்கு வருட அனுபவம் அதில் பாதி, அதைக் குறைவாக மதிக்க வேண்டாம். சிங்கப்பூரிலும் ஹொங்கொங்கிலும் தரப்படுத்தல் நிறுவனங்கள், வங்கிகளின் இடர் பிரிவுகள் இப்படியானவர்களைத் தேடுகின்றன. பீஜிங்கில் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, ஷங்ஹாயில் பிரிக்ஸ் நாடுகளின் புதிய அபிவிருத்தி வங்கி இருக்கின்றன. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு இவை இரண்டும் கடன் கொடுத்திருக்கின்றன. புதிய அபிவிருத்தி வங்கி உறுப்பு நாட்டவர்களைத்தான் பெரும்பாலும் எடுக்கும், ஆகவே உங்களுக்கு முதலாவதில்தான் வாய்ப்பு அதிகம். கொழும்பிலேயே பேங்க் ஒஃப் சைனாவின் கிளை இருக்கிறது. ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் நம் திறைசேரியும் மத்திய வங்கியும்தான். சம்பளம் குறைவு, தெரியும். அடுத்த ஒப்பந்தத்தின் நிபந்தனையைக் கையெழுத்துக்கு முன்பே மூல மொழியில் வாசிக்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

விண்ணப்பத்துக்குக் காத்திருக்காமல் இன்றே தொடங்கக்கூடிய ஒரு பயிற்சி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்கும் 15ஆம் திகதிக்கும் இடையில், பெரும்பாலும், சீன மக்கள் வங்கி கடன் கணக்கை வெளியிடும். அதில் 'ஷெரோங்' என்று ஒரு எண் வரும். வங்கிக் கடன், முறி, அரச கடன் எல்லாம் சேர்த்துப் பொருளாதாரத்துக்குள் எவ்வளவு பணம் போனது என்பதைக் காட்டுவது. 2011இலிருந்து வெளியிடுகிறார்கள். ஜனவரி எண்ணைப் பார்த்தால் மலைத்துப் போவீர்கள். வருடம் பிறந்ததும் கடனை அள்ளிக் கொடுத்துக் கணக்கைத் தொடங்குவது அங்குள்ள கிளை முகாமையாளர்களின் வழக்கம். 'கைமென்ஹோங்' என்பார்கள், கதவு திறந்ததும் சிவப்பு மங்கலம் என்று பொருள். கடன் வாங்க ஆள் இல்லாத மாதங்களில், இலக்கை நிரப்ப மாதக் கடைசியில் வங்கிகள் உண்டியல்களை, அதாவது கம்பெனிகள் எழுதிக் கொடுக்கும் குறுகிய காலக் கடன் பத்திரங்களை, வாங்கிக் குவிக்கும். 2021 டிசம்பர் கடைசியில் உண்டியல் வட்டி ஏறத்தாழப் பூச்சியத்துக்கே இறங்கியது. மொத்தக் கடன் கூடியது என்ற செய்தித் தலைப்புக்குக் கீழே, நீண்டகாலக் கடன் எவ்வளவு, உண்டியல் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் வங்கியில் டிசம்பர் கடைசியில் நடப்பதை நினைத்தால் இது உடனே புரியும்.

ஆறு மாதம் இப்படிப் பார்த்து, மாதம் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். அந்த ஆறு பக்கங்களும் விண்ணப்பத்தோடு போனால், சீனா மேல் ஆர்வம் உண்டு என்று வெறுமனே எழுதும் எந்தக் கடிதத்தையும்விடப் பேசும். ஆய்வேட்டுத் தலைப்பும் அதற்குள்ளிருந்தே வரலாம். எனக்குக் கேட்டால், எக்சிம் வங்கியும் அபிவிருத்தி வங்கியும் ஒரே நாட்டுக்குக் கொடுத்த கடன்களை அருகருகே வைத்து, மறுசீரமைப்பில் எது எப்படி நடந்தது என்று பாருங்கள். அந்தத் தலைப்பை உங்களைவிட நன்றாக எழுதக்கூடிய மாணவர் அந்த வகுப்பில் இருக்க மாட்டார்.

லண்டனுக்கு இந்தக் கிழமையே பதில் எழுதுங்கள். இடத்தை மறுக்க வேண்டாம், ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் ஒத்துக்கொள்கின்றன. முற்பணம் கட்டச் சொன்னால், அது திரும்பக் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதல் மாதக் குறிப்பை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், வாசித்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணா